வயிற்றுவலியின் முதல் 48 மணித்தியாலங்கள்: உடப்பிலிருந்து சிலாபம் வரை

உடப்பில் ஒருவர் வயிற்றுவலி என்று சொன்னால் அதற்கு முதலில் கிடைக்கும் பெயர் ‘வாயு’. இரண்டாவது பெயர் ‘கேஸ்டிரைட்டிஸ்’. இஞ்சி தட்டிப்போட்ட பிளேன்ரீ, ஒரு போத்தல் சோடா, பாமசியில் வாங்கிய இரண்டு மாத்திரை என்று ஒரு பகல் போய்விடும். கரைவலை இழுக்க ஆள் போதாத நாளென்றால் வலியோடேயே போய்க் கயிற்றைப் பிடிப்பவர்களும் உண்டு. பெரும்பாலான வயிற்றுவலிகள் இதற்கெல்லாம் அடங்கியும் விடுகின்றன. அதனால்தான் அடங்காத ஒன்று வரும்போது அதை அடையாளம் காணப் பிந்துகிறது.

அப்படி அடங்காதவற்றில் ஒன்று திடீர்க் கணைய அழற்சி. எங்கள் பாடசாலைப் புத்தகங்களில் சதையி என்றும், தமிழகத்தில் கணையம் என்றும் சொல்லப்படும் உறுப்பில் வரும் வீக்கம் இது. வைத்தியசாலையில் பேச்சுவழக்கில் ‘பான்கிரியடைட்டிஸ்’ என்பார்கள். இந்த நோய் வந்தவர்களில் ஏறக்குறைய 80 சதவீதமானோர் ஒரு கிழமைக்குள் எழுந்து வீட்டுக்குப் போகிறார்கள். மீதிப் பேரில் ஒரு பகுதியினருக்குச் சுவாசப்பையும் சிறுநீரகமும் இதயமும் ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்கின்றன. உறுப்புச் செயலிழப்பு இரண்டு நாட்களைத் தாண்டி நீடிப்பவர்களில் மூன்றில் ஒருவர் அளவுக்கு இறக்கிறார்கள் என்பது பல நாடுகளின் அனுபவம். சிக்கல் என்னவென்றால், முதல் நாள் கட்டிலில் படுத்திருக்கும்போது இந்த இரண்டு வகையினரும் ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். அதே வலி, அதே சத்தி, அதே வியர்வை. யார் எழுந்து போவார், யார் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போவார் என்பதை முதல் 24 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் கண்டுபிடிப்பதுதான் முழு விளையாட்டும்.

இதற்கு உடப்பை உதாரணமாக எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு பக்கம் இந்து சமுத்திரம், மறுபக்கம் முந்தல் களப்பு, நடுவில் தமிழ் பேசும் மீனவக் கிராமம். பத்துளுஓயாச் சந்திக்கு வந்தால்தான் புத்தளம் - கொழும்பு பிரதான வீதி. தெற்கே சிலாபம் மாவட்ட பொது வைத்தியசாலை, வடக்கே புத்தளம் வைத்தியசாலை. அதற்கும் மேல் தேவையென்றால் நீர்கொழும்பு, ராகம, கொழும்பு. ஒவ்வொரு படிக்கும் நேரம் செலவாகிறது. முதல் படியைத் தாண்டியதும் மொழியும் மாறுகிறது. கொக்கிளாயிலோ, பூநகரியிலோ, வாகரையிலோ இருந்து வாசிப்பவர்கள் ஊர்ப் பெயர்களை மாற்றிக்கொண்டால் போதும், தூரக் கணக்கு ஏறத்தாழ அதுவேதான்.

உள்ளே என்ன நடக்கிறது

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முள்ளந்தண்டோடு ஒட்டினாற்போல் குறுக்காகக் கிடக்கும் உறுப்பு. ஒரு சாண் நீளம்கூட இராது. இன்சுலினைச் சுரப்பது அதன் ஒரு வேலை. மற்றைய வேலை, சாப்பாட்டைக் கரைக்கும் நொதியங்களைச் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புவது. இந்த நொதியங்கள் கணையத்துக்குள் இருக்கும்வரை உறங்கிக் கிடக்கும், குடலுக்குள் போன பிறகுதான் விழிக்கும். ஏதோ ஒரு காரணத்தால் அவை உள்ளேயே விழித்துவிட்டால் கணையம் தன்னைத் தானே கரைக்கத் தொடங்குகிறது. 1896இல் ஹான்ஸ் கியாரி என்ற நோயியலாளர் இதைச் சொன்னார். இன்றுவரை அந்த விளக்கத்தின் அடிப்படை மாறவில்லை.

விழிக்க வைப்பது எது? உலகம் முழுக்க முதல் இரண்டு காரணங்கள் பித்தக்கல்லும் மதுவும். பித்தப்பையிலிருந்து நழுவும் சிறு கல் பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேரும் வாயில் போய் அடைத்துக்கொள்கிறது. 1901இல் அமெரிக்காவில் யூஜின் ஓபி என்ற இளம் வைத்தியர் ஒரு பிரேத பரிசோதனையில் அந்த இடத்தில் கல் இறுகியிருப்பதைக் கண்டு இதை விளக்கினார். மது வேறு வழியில் வேலை செய்கிறது. ஒரு கல்யாண வீட்டில் குடித்ததால் அல்ல, பெரும்பாலும் பல வருடக் குடியின் பின்னரே வருகிறது. புகைத்தல் அந்த ஆபத்தைத் தனியாகவும் கூட்டுகிறது. இவை தவிர, இரத்தத்தில் ட்ரைகிளிசரைட்டு என்ற கொழுப்பு 1000 மில்லிகிராமைத் தாண்டுவது, சில மருந்துகள், வயிற்றில் பட்ட அடி, எங்கள் நாட்டில் அரிதாக டெங்கும் எலிக்காய்ச்சலும். காஷ்மீரில் வட்டப்புழு குழாய்க்குள் ஏறி இந்த நோயை உண்டாக்குவதை வைத்தியர்கள் விரிவாகப் பதிந்திருக்கிறார்கள். கரீபியனில் ட்ரினிடாட் தீவில் ஒரு வகைத் தேள் கொட்டினாலும் வருமாம்.

இந்தப் பட்டியலைச் சொல்வதற்கு ஒரு நோக்கம் உண்டு. ‘குடிகாரனுக்கு வரும் வருத்தம்’ என்ற பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. கருவாடு காயப்போடும் பெண்ணுக்கு, வாழ்க்கையில் ஒரு சொட்டு மது தொடாதவருக்கு, பித்தக்கல்லால் இது வரும்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. பித்தக்கல் பெண்களில், அதிலும் பிள்ளைப்பேறு கண்டவர்களில், கூடுதல். மறுபக்கம், உண்மையிலேயே குடிப்பவர் அந்தப் பெயருக்கு வெட்கப்பட்டு வைத்தியரிடம் மறைக்கிறார். அந்த மறைப்பு எவ்வளவு ஆபத்து என்பதைக் கீழே சொல்கிறேன்.

நொதியங்கள் கரைப்பது கணையத்தை மட்டுமல்ல. இரத்தக் குழாய்களின் சுவர்கள் உடல் முழுவதும் கசியத் தொடங்குகின்றன. நீர்ப்பகுதி குழாயைவிட்டு வெளியே போகிறது. தீக்காயத்தில் தோலுக்கு வெளியே தெரியும் நீர் இங்கே வயிற்றுக்குள்ளும் சுவாசப்பையைச் சுற்றியும் தேங்குகிறது. வாசகர்களுக்கு இதை விளக்க எனக்குத் தெரிந்த நல்ல வழி டெங்கு. டெங்குவில் மூன்றாம் நான்காம் நாள் என்ன நடக்கிறது என்பது இன்று எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். காய்ச்சல் இறங்கும், ஆனால் குழாய் கசியும், பீ.சீ.வீ ஏறும், சிறுநீர் குறையும். அதனால்தான் தாதி ஒவ்வொரு மணித்தியாலமும் வந்து எழுதுகிறார். வீட்டுக்காரரும் குடித்த தண்ணீரையும் போன சிறுநீரையும் அளக்கிறார்கள். கணைய அழற்சியில் நடப்பதும் ஒரு கசிவுதான். டெங்குவுக்குப் பழகிக்கொண்ட அந்த விழிப்பை இதற்கும் கொண்டுவரலாம்.

எண் பெரிது என்றால் நோய் பெரிதா?

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். நோயை உறுதிப்படுத்த மூன்றில் இரண்டு போதும்: நோய்க்குரிய வலி, இரத்தத்தில் அமிலேஸ் அல்லது லைபேஸ் சாதாரண உச்ச அளவின் மூன்று மடங்கைத் தாண்டுவது, ஸ்கேனில் தெரியும் மாற்றம். வலி மேல் வயிற்றில் சடுதியாக வந்து, பெரும்பாலும் முதுகுக்கு ஊடுருவும். நிமிர்ந்து படுத்தால் கூடும், முன்னால் குனிந்து இருந்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். சத்தி எடுத்தாலும் வலி விடாது.

அமிலேஸ் 3000 என்று வந்தால் வீட்டார் கதறுகிறார்கள். 400 என்று வந்தால் ஆறுதலடைகிறார்கள். இரண்டும் தேவையற்றவை. அமிலேஸும் லைபேஸும் நோய் இருக்கிறதா என்று சொல்லும், அது எவ்வளவு கடுமையாகப் போகும் என்று சொல்லாது. ஆயிரக்கணக்கில் ஏறியவர் நாலாம் நாள் இடியப்பம் சாப்பிடலாம், கொஞ்சமாக ஏறியவர் சுவாச இயந்திரத்தில் இருக்கலாம். ஆகவே தினமும் தனியார் ஆய்வுகூடத்துக்கு இரத்தம் கொடுத்து ‘இறங்கிவிட்டதா’ என்று பார்ப்பதில் காசுதான் இறங்கும். இன்னொன்று, அமிலேஸ் சில நாட்களுக்குள் தானே சாதாரண அளவுக்கு வந்துவிடும். வாயு என்று நாலு நாள் வீட்டில் கிடந்துவிட்டு வருபவருக்கு அமிலேஸ் சரியாக இருந்தால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. லைபேஸ் அதைவிடக் கூடுதல் நாள் உயர்ந்து நிற்கும்.

சீ.டி. ஸ்கேனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘ஸ்கேன்கூட எடுக்கவில்லை’ என்பது வைத்தியசாலைகளைப் பற்றி நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு. சில இடங்களில் அது நியாயமான முறைப்பாடு. இந்த நோயில் முதல் நாளில் அல்ல. கணையத்தின் எந்தப் பகுதி செத்துப்போகிறது என்பது சீ.டி.யில் தெளிவாகத் தெரிய மூன்று நாள் வரை ஆகும். நோய் எதுவென்பதில் சந்தேகம் இருந்தால் முதல் நாளே எடுப்பார்கள். சந்தேகம் இல்லாதபோது அவசரமாகக் காசு கட்டி எடுத்த சீ.டி. நல்ல படத்தைக் காட்டி வீட்டாரை ஏமாற்றும். பித்தக்கல் இருக்கிறதா என்று பார்க்கும் சாதாரண வயிற்று ஸ்கேன் வேறு, அது முதலிலேயே வேண்டும். ஒரு ஈ.சீ.ஜி.யும் வேண்டும். இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும் மாரடைப்பு மேல் வயிற்று வலியாகத் தோன்றலாம்.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது?

அரை நூற்றாண்டாக வைத்தியர்கள் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டுகிறார்கள். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் ரான்சன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 11 அடையாளங்களைத் தொகுத்தார். ஐந்து வந்தவுடன் பார்ப்பவை, ஆறு 48 மணித்தியாலத்தின்போது பார்ப்பவை. நல்ல வேலைதான், ஆனால் விடை வரும்போது இரண்டு நாள் முடிந்துவிடும். பிறகு வந்த அபாச்சி என்ற புள்ளிமுறை அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்காக உருவானது. அதற்கு வேண்டிய இரத்தவாயுப் பரிசோதனை முதலியவை ஒரு சிறிய வைத்தியசாலையில் கிடைக்காது.

2008இல் வந்த பைசாப் என்ற புள்ளிமுறை எங்களைப் போன்ற இடங்களுக்கு மிகவும் பொருந்துகிறது. அமெரிக்காவின் 212 வைத்தியசாலைகளில் சேர்ந்த ஏறத்தாழ 18,000 நோயாளிகளின் தரவுகளிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். ஐந்தே கேள்விகள். இரத்த யூரியா உயர்ந்திருக்கிறதா? அறிவு தெளிவில்லாமல், குழப்பமாக இருக்கிறாரா? உடல் முழுவதும் அழற்சி பரவியதன் அறிகுறிகள் இரண்டாவது இருக்கின்றனவா? வயது 60ஐத் தாண்டிவிட்டதா? நெஞ்சு எக்ஸ்ரேயில் சுவாசப்பையைச் சுற்றி நீர் தெரிகிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. முதல் 24 மணித்தியாலத்துக்குள் கணக்கிட வேண்டும். பூச்சியம் என்றால் இறப்பதற்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு. மூன்றும் அதற்கு மேலும் என்றால் அந்த நோயாளியைச் சாதாரண விடுதியின் மூலைக் கட்டிலில் விடக்கூடாது.

யூரியாக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. அந்தப் புள்ளிமுறை அமெரிக்க வழக்கப்படி யூரியாவில் உள்ள நைதரசனை அளந்து, 25 மில்லிகிராம் என்று எல்லை வைக்கிறது. எங்கள் ஆய்வுகூட அறிக்கைகளில் பெரும்பாலும் வருவது முழு யூரியா. அதில் அதே எல்லை ஏறத்தாழ 53 மில்லிகிராம், அல்லது 9 மில்லிமோல். இணையத்தில் பார்த்துவிட்டு 30 மில்லிகிராம் யூரியாவுக்குப் பயப்படுபவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

‘உடல் முழுவதும் அழற்சி’ என்பது பயங்கரமாகக் கேட்கிறது. ஆனால் அதை அளக்கும் நான்கில் மூன்றுக்கு ஒரு வெப்பமானியும் கைக்கடிகாரமும் போதும். உடல்வெப்பம் 38 பாகைக்கு மேல் அல்லது 36க்குக் கீழ். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 90க்கு மேல். மூச்சு நிமிடத்துக்கு 20க்கு மேல். நாலாவது வெள்ளணுக்கள், 12,000க்கு மேல் அல்லது 4,000க்குக் கீழ். வலியில் துடிக்கும் எவருக்கும் வந்தவுடன் நாடி 100ஆக இருக்கும், அது பெரிய செய்தி அல்ல. வலி மருந்தும் சேலைனும் ஏறிய பிறகு, மறுநாளும், 48 மணித்தியாலத்திலும் நாடியும் மூச்சும் இறங்காமல் நிற்பதுதான் செய்தி. ஒரு தடவை எடுத்த எண்ணைவிட அது எந்தப் பக்கம் போகிறது என்பது முக்கியம்.

யூரியாவும் அப்படித்தான். வந்தபோது 40, மறுநாள் 30 என்றால் சேலைன் போய்ச் சேர்கிறது. 40 மறுநாள் 55 என்றால் கசிவு முந்திக்கொண்டு போகிறது. டெங்குவில் பழகிய பீ.சீ.வீ வந்தபோதே 44க்கு மேல் இருந்து, 24 மணித்தியாலத்தில் இறங்காமல் நின்றால் அதுவும் அதே எச்சரிக்கை. சீ.ஆர்.பி. என்ற பரிசோதனை பிந்தியே பேசும். 48 மணித்தியாலத்தில் 150ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. இவற்றில் எதுவும் கொழும்புக்கு அனுப்பிச் செய்யும் பரிசோதனை அல்ல என்பதைக் கவனியுங்கள்.

பழைய பாடநூல்களில் தொப்புளைச் சுற்றியும் விலாப்பக்கத்திலும் தோன்றும் நீலநிறத்தைக் கடுமைக்கு அடையாளமாகச் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது சிலருக்கே வரும், வருவதற்கும் ஓரிரு நாள் எடுக்கும். அதைக் காத்திருந்து பார்ப்பது, தோணி கவிழ்ந்த பிறகு காற்றின் திசையைப் பார்ப்பது போலாகும்.

பக்கத்தில் நிற்கும் குடும்பத்தவருக்கு இந்தப் புள்ளிகள் எதுவும் தேவையில்லை. இரண்டு வசனம் பேச மூச்சு வாங்குகிறதா, நேற்றுச் சரியாகப் பேசியவர் இன்று இடம் காலம் தெரியாமல் பேசுகிறாரா, சிறுநீர்ப் பை நிரம்புகிறதா என்று பார்த்தால் போதும். 60 கிலோ நிறையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றர், அதாவது இரண்டு மேசைக்கரண்டி அளவாவது சிறுநீர் போகவேண்டும். ஆறு மணித்தியாலமாகப் பை அப்படியே இருந்தால் தாதியிடம் போய்ச் சொல்வது தொந்தரவு அல்ல.

குழப்பமாகப் பேசுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மேலே சொன்ன மறைப்பு இங்கேதான் வருகிறது. தினமும் கசிப்போ சாராயமோ எடுப்பவர் வைத்தியசாலைக் கட்டிலில் அதைத் திடீரென நிறுத்தினால் இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கம், வியர்வை, இல்லாததைக் காண்பது, நாடி ஏறுவது எல்லாம் வரும். நோய் முற்றுவதன் அடையாளங்களும் அவையேதான். குடி உண்டு, கடைசியாக எடுத்தது எப்போது என்று வைத்தியருக்குத் தெரிந்திருந்தால் இரண்டையும் பிரித்து, இரண்டுக்கும் மருந்து கொடுப்பார். தெரியாவிட்டால் ஒன்றை மற்றதென்று நினைத்து நேரம் போகும். போருக்குப் பிறகு எங்கள் கிராமங்களில் குடி எப்படி வளர்ந்தது, ஏன் வளர்ந்தது என்பது தனிக் கட்டுரை. கட்டிலில் கிடப்பவரிடம் அந்த விசாரணையை நடத்தாமல், உண்மையை மட்டும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உடம்பில் போரைச் சுமப்பவர்கள்

எந்த வைத்தியக் கைநூலும் எங்கள் வாசகர்களுக்காக எழுதாத சில விடயங்கள் இருக்கின்றன.

வயிற்றில் செல் துண்டோடு வாழ்பவர்கள், செல்காயத்துக்கு வயிறு திறந்து சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு வயிறு வலிப்பது புதிதல்ல. பழைய தழும்பில் குடல் ஒட்டிக்கொண்டு அவ்வப்போது வலிக்கும், சத்தி வரும், பிறகு விடும். அதனால் எந்த வலி வந்தாலும் ‘பழைய காயம்’ என்று படுத்துவிடுகிறார்கள். வீட்டாரும் அப்படியே நம்புகிறார்கள். வலியின் இடமும் தன்மையும் மாறியிருந்தால், அதாவது மேல் வயிற்றிலிருந்து முதுகுக்குப் போகிறது, வழக்கமாக விடும் நேரத்தில் விடவில்லை என்றால், அதைப் பழைய கணக்கில் சேர்க்கக்கூடாது.

முள்ளந்தண்டில் காயம்பட்டு இடுப்புக்குக் கீழோ நெஞ்சுக்குக் கீழோ உணர்வில்லாதவர்களின் நிலை இதைவிடச் சிக்கல். காயம் மேலே இருந்தால் கணைய அழற்சியின் வலி அவர்களுக்குத் தெரியாமலே போகலாம். காரணமில்லாத சத்தி, வயிறு ஊதுவது, காய்ச்சல், திடீரென ஏறிய நாடி, தசைகளின் இறுக்கம் கூடுவது இவைதான் அவர்களுக்கு வலிக்குப் பதிலாகப் பேசும். பராமரிக்கும் அம்மாவுக்கோ சகோதரிக்கோ இது தெரிந்திருப்பது எந்தப் பரிசோதனையையும்விடப் பெரிது.

பித்தக்குழாயில் கல் இருக்கிறதா என்று பார்க்கச் சில வேளை எம்.ஆர்.ஐ. வகை ஸ்கேனுக்கு எழுதுவார்கள். அந்த இயந்திரம் ஒரு பெரிய காந்தம். உடம்பில் இரும்புத் துண்டு எங்கேனும் இருந்தால், சிறியதாயினும், இருபது வருடம் பழையதாயினும், முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘எப்படிப் பட்டது’ என்ற கேள்வி வருமோ என்று தயங்கி மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது இதை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ‘உடம்பில் உலோகம் இருக்கிறது’ என்று மட்டும் சொன்னாலே போதும். சாதாரண ஸ்கேனுக்கும் சீ.டி.க்கும் இந்த ஆபத்து இல்லை.

வீதியும் மொழியும்

1990 என்ற எண் எங்களில் பலருக்கு வேறு நினைவுகளைக் கொண்டது. அந்த ஜூனில் போர் மறுபடி தொடங்கியது. அந்த ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும்பகுதியினர் வந்துசேர்ந்ததும் இதே புத்தளம் மாவட்டத்துக்குத்தான். இன்று அதே எண் இலவச அம்புலன்ஸின் இலக்கம். சுவசெரிய சேவை 2016இல் இந்திய உதவியோடு மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, 2018இல் வடக்குக்கு வந்து, பிறகு நாடு முழுவதும் விரிந்தது. தமிழில் பேசலாம். ஓட்டோவில் குலுங்கிப் போவதற்கும் இதற்கும் வித்தியாசம் வேகம் மட்டுமல்ல. வண்டியிலேயே நாடி, அமுக்கம், ஒட்சிசன் அளந்து எழுதுகிறார்கள். முன்னர் சொன்ன ‘எந்தப் பக்கம் போகிறது’ என்ற கணக்கின் முதல் வரி அங்கேயே பதிவாகிவிடும்.

புறப்படுமுன் டைக்குளோபெனக் போன்ற வலி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். நீர் வற்றிய உடலில் அது சிறுநீரகத்தை அடிக்கும். வைத்தியசாலையில் கொடுக்கும் வலி ஊசியை மறுக்கவும் தேவையில்லை. வலியை அடக்கினால் நோய் மறைந்துவிடும் என்பது பழைய பயம்.

சிலாபம் முன்னேஸ்வரத்துக்குப் போகும் பாதைதான், உடப்பாருக்குப் புதிய ஊர் அல்ல. ஆனால் கோயிலில் கேட்ட மொழி வைத்தியசாலை விடுதியில் கேட்காமல் போகலாம். தமிழ் அரசகரும மொழியாகி 1987இலிருந்து எத்தனை வருடம் என்று நள்ளிரவில் வாதாட முடியாது. வலி முதுகுக்குப் போகிறது என்பதை ஒருவர் கையால் காட்டிவிடலாம், நேற்றிலிருந்து சிறுநீர் போகவில்லை என்பதைக் கையால் காட்ட முடியாது. ‘பட ரிதெனவா’ வயிறு வலிக்கிறது, ‘ஹுஸ்ம கன்ன அமாருய்’ மூச்செடுக்கக் கஷ்டம், ‘முத்ரா யன்னே நெஹெ’ சிறுநீர் போகவில்லை. இந்த மூன்றையும் ஒரு துண்டில் எழுதி நோயாளியின் சட்டைப்பையில் வைக்கச் சொல்வேன். அதோடு வலி தொடங்கிய நேரம், எடுத்த மருந்துகள், கிளினிக் கொப்பி. வலி தொடங்கிய நேரம் என்பது வைத்தியசாலைக்கு வந்த நேரமல்ல. வீட்டில் சோடாவோடு கழிந்த பகலும் அந்தக் கணக்கில் சேரும்.

சேலைன், சாப்பாடு, பிறகு

கசிவு என்றால் நிறைய நீர் ஏற்றவேண்டும் என்றுதான் நீண்ட காலம் நினைத்தார்கள். இந்தியா, ஸ்பெயின், இத்தாலி, மெக்சிக்கோ வைத்தியசாலைகளில் நடந்து 2022இல் வெளியான வோட்டர்ஃபோல் ஆய்வு அந்த நம்பிக்கையை அசைத்தது. வேகமாக நிறைய ஏற்றியவர்களில் 20.5 சதவீதமானோருக்கும், அளவோடு ஏற்றியவர்களில் 6.3 சதவீதமானோருக்கும் உடலில் நீர் மிகையானது. நோய் கடுமையாவதும் குறையவில்லை. 249 பேரோடு ஆய்வை இடையிலேயே நிறுத்தினார்கள். டெங்குவிலும் இதே பாடத்தைத்தான் நாங்கள் படித்தோம். ஆகவே ‘மற்றக் கட்டிலுக்கு மூன்று போத்தல், எங்களுக்கு ஒன்று’ என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை. நாடி, சிறுநீர், யூரியா பார்த்து அளவு மாற்றப்படுகிறதா என்று கேளுங்கள், அது சரியான கேள்வி.

பட்டினி போடுவதும் பழைய முறையாகிவிட்டது. சத்தி நின்று, பசி வந்தால், இலேசான நோயில் முதல் நாளிலேயே மெல்லிய சாப்பாடு தொடங்கலாம் என்பதே இப்போதைய வழிகாட்டல். கிருமித்தொற்று இல்லாதபோது முன்கூட்டியே அன்டிபயோட்டிக் கொடுப்பதால் பயனில்லை என்பதும் தெளிவாகியிருக்கிறது.

48 மணித்தியாலத்தைத் தாண்டியும் மூச்சு, சிறுநீரகம், இரத்த அமுக்கம் இவற்றில் ஒன்று தளர்ந்தே நின்றால் அது கடும் நோய். 2012இல் திருத்தப்பட்ட அட்லாண்டா வகைப்படுத்தல் கோடு போட்டிருப்பது அங்கேதான். அதற்கு முன்பே, அடையாளங்கள் தப்பான பக்கம் திரும்பும்போதே, அதிதீவிர சிகிச்சைக் கட்டிலுக்கோ ராகம, கொழும்பு போன்ற பெரிய வைத்தியசாலைக்கோ மாற்றுவது பற்றி வைத்தியரிடம் கேட்கும் உரிமை வீட்டாருக்கு உண்டு. சுவாச இயந்திரத்தோடு வீதியில் கொண்டுபோவதைவிட, பேசிக்கொண்டிருக்கும்போதே கொண்டுபோவது எவ்வளவோ இலேசு. பித்தக்குழாய் அடைபட்டு, காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்துவிட்டால் அந்த அவசரம் இன்னும் கூடும். குழாயைக் கமெராக் குழல் மூலம் 24 மணித்தியாலத்துக்குள் திறந்துவிட வேண்டும். அந்த வசதி எல்லா மாவட்டத்திலும் இல்லை.

இலேசாக முடிந்தவர்களுக்கும் ஒரு விடயம் மீதி இருக்கிறது. கல்லால் வந்த நோய் என்றால் கல் இருக்கும் பித்தப்பை அப்படியே இருக்கிறது. நெதர்லாந்தின் பொன்ச்சோ ஆய்வில், இலேசான நோயோடு வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வீட்டுக்குப் போகுமுன்னரே பித்தப்பையை அகற்றினார்கள். மற்றவர்களுக்கு ஏறத்தாழ நான்கு கிழமை கழித்துத் திகதி கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் கல்லால் மறுபடி சிக்கல்பட்டவர்கள் முதல் பிரிவில் 5 சதவீதம், இரண்டாம் பிரிவில் 17 சதவீதம். எங்கள் அரச வைத்தியசாலைகளின் காத்திருப்புப் பட்டியலில் நான்கு கிழமை என்பது மிக நல்ல அதிர்ஷ்டம். ஆகவே துண்டு வெட்டும் நாளில், பித்தப்பைக்கு எந்தத் திகதி, எந்தக் கிளினிக் என்று அட்டையில் எழுதி வாங்காமல் பத்துளுஓயா பஸ்ஸில் ஏறாதீர்கள். மூன்று மாதத்தில் ஒரு தடவை சீனியும் பாருங்கள். அடிபட்ட கணையம் இன்சுலினைச் சுரக்க மறந்துவிடுவது உண்டு.